முற்றத்துப் பேச்சு: விடுமுறைக்கு வந்த பிள்ளையும் பச்சைச் சேலையும்



தவணை விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பெண்பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது, செலவில்லாமல் அவர்களுக்கு நல்ல உடுப்பு எப்படிச் செய்து கொடுப்பது, அந்த நாட்களில் என்ன கைவேலை பழக்கலாம் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக எழுதுவதைவிட, இந்த முறை என் வீட்டில் நடந்ததையே எழுதினால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். தையற்காரி என்று ஊருக்குள் பெயர் எடுத்த நானே சறுக்கப் பார்த்த கதை இது.

எங்கள் வீடு பளையில். நான், என் வயதான அம்மா, விடுமுறை நாட்களில் என் பெறாமகள் ஆகிய மூவருந்தான். பெறாமகள் என் தங்கச்சியின் பிள்ளை. 2009 மே மாதத்தில் அவளுக்குப் பதினொரு மாதம். தகப்பனை அந்த மாதத்தில் விட்டதுதான், இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. தங்கச்சி நாலு வருடத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கிறாள். கெட்டிக்காரி.

இந்த முறை அவள் பஸ்ஸால் இறங்கி வந்தபோதே முகத்தைக் கண்டு எனக்கு ஏதோ போலிருந்தது. இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரிந்தாற்போல இருந்தது. சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"பெரியம்மா, நான் இனிப் பள்ளிக்கூடம் போகேல்லை. இங்கை உங்களோடை தையல் பழகிறன்."

படிக்கப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். யாரும் ஏதும் செய்தார்களா என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். பிறகு பேச்சில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

நான்கு நாட்கள் கழித்துத்தான் காரணம் வந்தது. அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். காரணம் இதுதான். அடுத்த தவணையில் உயர்தர மாணவர்களின் மதியபோசன விருந்து. பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிப் பச்சைச் சேலை எடுப்பதாகத் தீர்மானம். சேலை 4800 ரூபா, சட்டை தைக்க 1500, விருந்துப் பங்கு 2000, அழகுநிலையத்தில் முகத்துக்கும் தலைக்கும் 3000. மொத்தம் 11,300 ரூபா. தாயிடம் கேட்டால் அவள் எப்படியாவது அனுப்புவாள் என்று பிள்ளைக்குத் தெரியும். அப்படி அனுப்ப அவள் எதைக் குறைப்பாள் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை. கேட்காமல், படிப்பையே விடுவது என்று முடிவெடுத்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த நாள் காலையில் குழுக் கடன் கொடுப்பவர்கள் வரும் வீட்டுக்குப் போய், 30,000 ரூபாவுக்குப் படிவம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் கடன் பற்றி உங்களுக்கு எத்தனை தடவை புத்தி சொல்லியிருப்பேன்! 2016 இல் நான் 40,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 1000 ரூபா வீதம் 52 கிழமை கட்டியவள். மழை நாளில் தையல் வராத கிழமையும் கட்டினேன். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன் நிலுவைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பட்டினி கிடந்து கட்டி முடித்திருந்த என் போன்றவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த நானே பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் படிவம் எடுக்கப் போய்விட்டேன்.

அந்தப் படிவத்தை அம்மா கண்டுவிட்டா. கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தா. பிறகு, "முதல்ல வீட்டிலை என்ன கிடக்கெண்டு பார். அதுக்குப் பிறகு கையெழுத்து வை" என்றா. அவ்வளவுதான் சொன்னது.

பெட்டிகளைத் திறந்து பார்ப்போம்

விடுமுறையின் முதற் கிழமையில் நாம் எல்லோரும் செய்யவேண்டியது இதுதான். வீட்டிலுள்ள துணி முழுவதையும் முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டுங்கள். பிள்ளையும் கூட இருக்கவேண்டும். மூன்றாகப் பிரியுங்கள். அப்படியே உடுக்கக்கூடியவை ஒரு பக்கம், திருத்தி உடுக்கக்கூடியவை ஒரு பக்கம், வெட்டி வேறு வேலைக்கு எடுக்கவேண்டியவை ஒரு பக்கம். தெறி விழுந்தது, சிப் பழுதானது, மடிப்புத் தையல் விட்டது எல்லாம் இரண்டாவது பக்கத்துக்கு. எங்கள் வீட்டில் பிள்ளையின் உடுப்பில் ஏழு உருப்படி இப்படிச் சின்னக் குறையால் மட்டும் ஒதுங்கிக் கிடந்தன. ஊசியும் நூலும் எடுத்து ஒரு பின்னேரத்தில் அவளே முடித்துவிட்டாள்.

பழைய பருத்திச் சேலையை வெட்டுவதற்கு முன் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் அதிகமாக ஊடுருவுகிறதோ அங்கே நூல் தேய்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தும் பாருங்கள். பலமான பகுதிக்குச் சோக்கால் அடையாளம் வையுங்கள். சேலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளம். அதில் பாதி நல்லதாக இருந்தாலே போதும், ஒரு நீளப் பாவாடை வரும்.

பாவாடை தைப்பது மிகச் சுலபம். இரண்டரை மீற்றர் துண்டை எடுங்கள். சேலைக் கரை கீழே வரட்டும், அப்போது அடி மடித்துத் தைக்கும் வேலை இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்து, இறப்பர் நாடா போகும் மடிப்புக்கு மேலே ஒன்றரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். இரண்டு ஓரத்தையும் பொருத்தி, மேலே மடித்து, நாடாவைக் கோர்த்தால் முடிந்தது. துணி மெல்லியதென்றால் உள்ளே ஒரு பழைய பாவாடையைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். மிஞ்சிய துணியில் தலையணை உறை, தலைமயிர் கட்டும் பட்டி, கைக்குட்டை எல்லாம் வரும். பிள்ளைக்கு இரண்டு பாவாடை வந்தது. கரை வைத்த பாவாடைக்கு வெறும் நிற பிளவுஸ் போட்டால் கடையில் வாங்கியதுபோலத்தான் இருக்கும்.

அந்தத் துணிக் குவியலின் அடியில்தான் பச்சைச் சேலை கிடந்தது.

அது 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் நிவாரணப் பொதியில் எனக்குக் கிடைத்தது. கரும்பச்சைப் பருத்தி, மஞ்சள் கரை. யார் அனுப்பியதோ தெரியாது. உடுத்திருந்த சட்டையோடு வந்த எனக்கு அதுதான் மாற்றுடுப்பு. 2010 கடைசியில் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலும் அதைத்தான் கட்டியிருந்தேன். வந்து இறங்கிய பிறகு, புருஷனை இழந்தவள் கரை வைத்த பச்சைச் சேலை கட்டுவதா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, துவைத்து மடித்து வைத்துவிட்டேன். பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை.

பிள்ளை அதை விரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். "பெரியம்மா, இதே பச்சைதான்!" என்றாள்.

"அதைத் தொடாதை, வை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள். அன்று பின்னேரம் முழுவதும் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை.

கன்னச் சிவப்பின் காரணம்

அடுத்த நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில்தான் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். நிறம் வெளுக்கும் கிறீமாம். கடையில் 450 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறாள். யார் செய்தது, எந்த ஊர், உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் ஒரு வரி இல்லை. முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று வந்ததாம். பிறகு எரிவு, சிவப்பு, சின்னப் பருக்கள்.

வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளைத் தடுத்து முகத்தை வெளுக்கச் செய்கிறது. ஆனால் தோலின் வழியே உடம்புக்குள் போய்ச் சேர்ந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பழுதாக்கும். கர்ப்பிணித் தாய் பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு. வேறு சிலவற்றில் வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் பாவிக்கக்கூடாத ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். அது தோலை மெல்லியதாக்கிவிடும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். ஆகவே முகவரி இல்லாத, பொருட்களின் விபரம் இல்லாத கிறீம் எதையும் வாங்காதீர்கள். பாவித்துக்கொண்டிருந்தால் நிறுத்தி, அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

இந்த இடத்தில் என் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில், முகத்துக்குத் தேசிக்காய்ச் சாறு பூசச் சொல்லி எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சுட்டதுபோலப் புண்ணாகி, கறுத்த தழும்பும் வரலாம். தேசிக்காய் சாப்பாட்டுக்கு நல்லது. முகத்துக்கு வேண்டாம்.

முகத்துக்குச் செலவில்லாத கவனிப்பு இவ்வளவுதான்: காலையும் மாலையும் காரம் குறைந்த சவர்க்காரம் அல்லது வெறும் தண்ணீரால் கழுவுதல், அழுத்தித் தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல், உச்சி வெயிலில் குடை பிடித்தல், தலையணை உறையைக் கிழமைக்கு ஒரு தடவை மாற்றுதல். பருவைக் கிள்ளக்கூடாது. பிள்ளையின் முகம் மூன்று கிழமையில் ஓரளவு ஆறிவிட்டது.

கறுப்பு நிறத்தை ஒரு குறை என்று நாமேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். "வெயிலுக்குள்ளை போகாதை, கறுத்துப் போவாய்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

ஓலையோடு வந்த கதை

பிள்ளை வாய் திறந்தது பனையோலை வேலை செய்தபோதுதான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் சில கதைகள் வராது. கையில் வேலை இருந்து கண் அதில் இருந்தால் வரும். துணி பிரித்த மறுநாள் ஆஸ்பத்திரி, அதற்கடுத்த நாள் அம்மா ஓலை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருந்தா. நானும் பிள்ளையும் பக்கத்தில் இருந்தோம். அப்போதுதான் 11,300 ரூபாக் கணக்கும், பச்சைச் சேலைத் தீர்மானமும், வகுப்பில் ஒருத்தி "உங்களுக்குக் கஷ்டமெண்டால் வராமல் விடுங்கோவன்" என்று சாதாரணமாகச் சொன்னதும் எல்லாம் வந்தன. கடன் படிவம் எடுக்க நான் ஓடியது அதற்கு மறுநாள்.

சின்னக் கைப்பை பின்னும் முறையைச் சொல்கிறேன். விரியாத இளம் சார்வோலையை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், வெளுத்து வரும். ஈர்க்கை நீக்கிவிட்டு, கால் அங்குல அகலத்தில் எல்லாம் ஒரே அளவாக வாருங்கள். அகலம் கூடிக் குறைந்தால் பின்னல் கோணும், புதிதாகப் பழகுபவர்கள் சோர்ந்துபோவது இதனால்தான். பின்னும் முன் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். அடியைச் சதுரமாகப் பின்னி, மூலைகளில் மடித்து மேலே கொண்டுவாருங்கள். விளிம்பை உள்ளே மடித்துச் செருகி முடியுங்கள். உள்ளே சேலைத் துண்டால் உறை தைத்து, மேலே ஒரு சிப் வைத்தால் காசும் தொலைபேசியும் வைக்கிற கைப்பை. ஒரே மரத்தில் குருத்துகளைத் தொடர்ந்து வெட்டவேண்டாம், மரம் இளைத்துவிடும்.

முறையாகப் பழக விரும்புபவர்கள் 1978 இல் ஆரம்பிக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பிள்ளை முதலில் பின்னிய பை கோணல். இரண்டாவதும் கோணல்தான். நாலாவது நேராக வந்தது.

வெங்காயத் தோலில் ஒரு நிறம்

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடிய எழுந்து பச்சைச் சேலையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். "கட்டிக்கொண்டு போ. ஆனால் வெட்டக் கூடாது" என்றேன். படிவம் அடுப்புக்குப் போனது.

ஒரு பிரச்சினை. சேலையில் சட்டைத் துணி இல்லை. கரை மஞ்சள், அதற்கு ஏற்ற மஞ்சள் துணி வேண்டும். அம்மா எழும்பிப் போய்த் தன்னுடைய வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தா. "எனக்கு ரெண்டு காணும்" என்றா.

துணிக்குச் சாயம் போடும் முறை இதுதான். துணியின் நிறையளவுக்குக் காய்ந்த வெங்காயத் தோல் வேண்டும். கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். துணியைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் துவையுங்கள், கஞ்சிப் பசை இருக்கக்கூடாது. சுடுநீரில் படிகாரத்தைக் கரைத்துத் துணியை ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். சாயம் பிடித்து நிற்பதற்கு அது வேண்டும். வேறு பானையில் வெங்காயத் தோலை ஒரு மணித்தியாலம் அவித்து வடியுங்கள். ஈரத் துணியை அந்த நீரில் போட்டு, சிறு நெருப்பில் முக்கால் மணித்தியாலம் கிளறிக்கொண்டே இருங்கள். கிளறாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஆறியதும் அலசி நிழலில் காயவிடுங்கள். பொன்மஞ்சள் நிறம் வரும். பருத்தித் துணிக்கு இது சரிவரும், பொலியெஸ்டரில் பிடிக்காது. முதலில் ஒரு சின்னத் துண்டில் போட்டுப் பாருங்கள். சாயம் போட்ட பானையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கறை பிடித்த வெள்ளைத் துணிக்குத் தேயிலைச் சக்கையையும் இப்படிப் பாவிக்கலாம். கறை மறைந்து மெல்லிய மண் நிறம் வரும்.

பழைய துணியில் சட்டை தைக்கும்போது இரண்டு மடிப்பாக வெட்டுங்கள். கையிடுக்கில்தான் முதலில் கிழியும், அங்கே தனியாக ஒரு துண்டு வைத்துத் தையுங்கள். தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் விட்டுவைத்தால் பிள்ளை உடம்பு வைத்தாலும் பிரித்துப் பெருப்பிக்கலாம். பச்சைச் சேலையின் மடிப்புகள் இத்தனை வருடத்தில் நலிந்திருந்தன. அந்த இடங்களுக்குப் பின்பக்கம் மெல்லிய துணி வைத்துக் கைத்தையல் போட்டேன். பெட்டியில் சேலை வைப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து வேறு இடத்தில் மடித்து வையுங்கள். காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது.

உடம்புக்கும் மனத்துக்கும்

விடுதிப் பிள்ளைகள் சிலர் இரத்தம் குறைந்து வருகிறார்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, முளைக்கீரை, கடலை, பயறு, நெத்தலி எல்லாம் கொடுங்கள். கீரை வறையில் கடைசியாகத் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து நன்றாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். களைப்பு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கிழமைக்கு ஒரு நாள் நல்லெண்ணெய் வைத்து, செவ்வரத்தை இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பால் தலை முழுகலாம். மயிர் மிருதுவாக இருக்கும். அதைவிட முக்கியம், கிணற்றடியில் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிட ஒருவர் இருப்பது. என் பிள்ளை அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல இருப்பாள்.

மாதவிடாய் பற்றி வெட்கப்படாமல் கதையுங்கள். 2024 இல் கல்வி அமைச்சு வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவிகளுக்கு நப்கின் வாங்க 1200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுத்தது. பாடசாலையில் இப்போது ஏதும் உதவி உண்டா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். நப்கினோ துணியோ, நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பழைய மென்மையான பருத்தியை ஆறு எட்டு மடிப்பாகத் தைத்து, இரண்டு பக்கமும் சிறகு வைத்து, தெறி பூட்டினால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள், சுடுநீர் விட்டால் கறை இறுகிவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வேறு உடுப்பின் கீழே ஒளித்துக் காயப்போடுவதால் ஈரம் தங்கித் தொற்று வரும். பிள்ளை விடுதியில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். விடுதிப் பொறுப்பாளரிடம் தனியாக ஒரு கொடி கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

இரவில் தொலைபேசி பார்த்துக்கொண்டு ஒரு மணிவரை விழித்திருந்தாள். ஒன்பதரைக்குத் தொலைபேசி குசினித் தட்டுக்குப் போகும் என்று மூவருக்கும் பொதுவாகச் சட்டம் போட்டோம். எனக்கும்தான். தாய் அழைக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று. "பிள்ளைக்கு அப்ப பதினொரு மாதம், அவளுக்கு என்ன தெரியும்" என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் சொல்லாமல் விட்டவற்றை அவள் வளர்ந்து வந்த காலமெல்லாம் கண்டிருக்கிறாள். சேலைக்கு நான் கத்தியபோது அவளுக்கு அது புதிதாக இல்லையாம். "நீங்கள் பெட்டி திறக்கிற நாள் எல்லாம் இப்பிடித்தான் பெரியம்மா" என்றாள். அதனால் சட்டை தைத்த இரண்டு நாளும் அந்தச் சேலையின் கதையை முதலிலிருந்து சொன்னேன். முகாம், வரிசை, பஸ், அவள் தகப்பன் அவளைத் தூக்கி வைத்திருந்த கடைசி நாள். எல்லாம் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். அம்மா பேசாமல் நூல் கோர்த்துக் கொடுத்தா.

எல்லோருக்கும் இது இப்படி நடந்துவிடாது. பிள்ளை நித்திரையில்லாமல், சாப்பிடாமல், ஒருவரோடும் சேராமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் தனியே சமாளிக்கப் பார்க்காதீர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தோடு பேசலாம். பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929.

கடைசிக் கணக்கு

நூலும் ஹூக்கும் 220 ரூபா. படிகாரம் 80. கைப்பைக்குச் சிப் 100. விருந்துப் பங்கு 2000. மொத்தம் 2400 ரூபா. 11,300 இல் மிச்சம் 8900. கடன் இல்லை. பங்குப் பணத்தைத் தாயே அனுப்பினாள். சேலைக் கதையைப் பிள்ளை அவளுக்கும் சொல்லிவிட்டாள்.

விடுமுறை முடிந்து பிள்ளை திரும்பிப் போனாள். நான் இதை எழுதும்போது விருந்து முடிந்து இரண்டு கிழமை. எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொன்னால் அது பொய். சேலை வேறு மாதிரி என்று ஒருத்தி முகம் சுளித்தாளாம். குழுப்படத்தில் பிள்ளையை ஓரமாக நிற்கச் சொன்னார்களாம். அன்றிரவு தொலைபேசியில் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனால் ஒரு ஆசிரியை சட்டை நிறத்தைக் கண்டு எப்படிப் போட்டது என்று விசாரித்து, கைப்பை இரண்டு பின்னித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறா. தானும் புதுச் சேலை எடுக்க வசதியில்லாமல் வருத்தம் என்று சொல்லி விருந்துக்கு வராமல் நின்றதாக ஒரு சிநேகிதி பிறகு இவளிடம் சொன்னாளாம். "முதலே தெரிஞ்சிருந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து போயிருக்கலாம் பெரியம்மா" என்று பிள்ளைக்குக் கவலை. படிப்பை விடுவது பற்றி இப்போது பேச்சில்லை. அடுத்த விடுமுறைக்கு அந்தச் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். வரட்டும் என்றேன்.

ஒரே உடுப்பு, ஒரே அலங்காரம் என்று தீர்மானிக்கும் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. முடியாதவர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் தாய்மார் இதை எடுத்துப் பேசுங்கள். நிறத்தை மட்டும் சொல்லுங்கள், கடையைச் சொல்லவேண்டாம் என்று கேட்டாலே பாதிச் சுமை குறையும். நானும் இந்த முறை கூட்டத்துக்குப் போகப் போகிறேன்.

சேலை துவைத்து மடித்துத் திரும்பி வந்திருக்கிறது. கூடவே ஒரு துண்டுக் கடிதம். தைப்பொங்கலுக்கு இதை நீங்கள்தான் கட்டவேண்டும், மஞ்சள் சட்டையை உங்கள் அளவுக்குப் பெருப்பிக்க உள்ளே ஒரு அங்குலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். அம்மாவிடம் காட்டினேன். "கட்டன்" என்றா. சட்டையை நேற்றுப் பிரித்து வைத்திருக்கிறேன். இன்னும் தைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன கிடக்கிறது, விடுமுறையில் பிள்ளைகளோடு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் மீண்டும் முற்றத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தையல் அக்கா